வெறும் வயிற்றில் வாய்ப்பாடு ஏறாது

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் வெள்ளவத்தையின் வாடகை அறைகளிலும் கொட்டாஞ்சேனையின் தோட்டத்து வீடுகளிலும் ஒரே விதமான பேச்சுத்தான் கேட்கிறது. "இவன் மொக்கு, படிப்பு ஏறாது." "இவளுக்குக் கவனமில்லை." "இன்னுமொரு ரியூசனுக்கு விட்டிருக்க வேணும்." வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. பெற்றோர் பிள்ளையை நோகிறார்கள், ஆசிரியரை நோகிறார்கள், கடைசியில் தங்கள் தலைவிதியை நோகிறார்கள். அந்தப் பிள்ளை அன்றாடம் காலையில் எதைச் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியையே நாம் இங்கு கேட்க விரும்புகிறோம். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை படிப்பில் பின்தங்கினால், அதன் அறிவைக் குறை சொல்லுமுன் அதன் கோப்பையைப் பார்க்க வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கில் ரியூசன் கட்டணத்துக்கு முன்னால் காலைச் சாப்பாடு எழுதப்பட வேண்டும். பாடசாலை உணவை யாரோ இரங்கிக் கொடுக்கும் உதவியாக எண்ணாமல், இலவசப் பாடநூலைப் போன்ற ஓர் உரிமையாக நாம் கேட்க வேண்டும்.

விளைவித்தவர்கள் வாங்குபவர்களானோம்

நாம் மண்ணோடு வாழ்ந்தவர்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் நட்டவர்கள், வன்னிக் குளங்களின் கீழ் நெல் விதைத்தவர்கள், மன்னார் முசலியில் வயல் செய்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. 2008இலும் 2009இலும் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் ஓடினார்கள். போர் முடிந்து பலர் ஊர் திரும்பினாலும், வலிகாமம் வடக்கில் ஒரு பகுதிக் காணி முப்பது வருடங்களுக்கு மேலாகியும் உரியவர்கள் கைக்கு வரவில்லை. தொழிலுக்கென்றும் வெளிநாட்டுப் பயணத்துக்கென்றும் பிள்ளைகளின் படிப்புக்கென்றும் கொழும்புக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஊரிலும் எமக்கு வறுமை இருந்தது. ஆனால் ஊர் வறுமைக்கும் நகர வறுமைக்கும் வேறுபாடு உண்டு. ஊரில் கையில் காசில்லாத நாளிலும் வேலியில் முருங்கை நின்றது. கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்தன. கோழி முட்டையிட்டது, ஆடு பால் தந்தது. பனங்கிழங்கும் ஒடியலும் வீட்டில் இருந்தன. குரக்கன் பிட்டும் உழுத்தங்களியும் யாரும் போசாக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்தவையல்ல. அவை வழமையான சாப்பாடு. அவற்றுக்கு நாம் விலை கணக்கிட்டதுமில்லை.

கொழும்பில் ஒரு பிடி முருங்கையிலைக்கும் காசு வேண்டும். தம்புள்ளையிலிருந்து லொறியில் ஏறும் மரக்கறி, பேலியகொடை மெனிங் சந்தையில் கைமாறி, வெள்ளவத்தைக் கடைக்கு வந்து சேருமுன் பல இலாபங்களைச் சுமக்கிறது. கத்தரிக்காயைச் சாக்கில் கட்டி விற்றவர்கள் இன்று 250 கிராம் வாங்கத் தயங்கி நிற்கிறார்கள். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் அடுப்பு மூட்ட வசதியும் குறைவு. ஆகவே காலை உணவு பாணாகவும் சம்பலாகவும் சீனி போட்ட வெறுந்தேநீராகவும் சுருங்கிவிட்டது. நேரமில்லாத நாளில் வெறுந்தேநீரோடு பிள்ளை படியிறங்குகிறது.

பாணைக் குறை சொல்வது எமது நோக்கமல்ல. பருப்போ முட்டையோ நெத்தலியோ சேர்ந்தால் பாணும் நல்ல சாப்பாடுதான். ஆனால் தனிப் பாணும் இனிப்புத் தண்ணீரும் வயிற்றை நிறைக்குமே தவிரப் பிள்ளையை வளர்க்கமாட்டா. வயிறு நிறைவது வேறு, போசாக்குக் கிடைப்பது வேறு. மேலும் கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. 2022இல் நாட்டில் டொலர் தட்டுப்பட்டபோது பாணின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் மறக்கவில்லை.

பசித்த மூளையில் நடப்பது என்ன?

வளர்ந்த ஒருவரின் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. ஐந்தாறு வயதுப் பிள்ளையில் இது ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு உயர்கிறது. அதாவது எழுத்தும் எண்ணும் பழகும் வயதில்தான் மூளை அதிகமாகத் தீனி கேட்கிறது.

இப்பொழுது ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிள்ளை இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறது. காலையில் வெறுந்தேநீர். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. இடைவேளை பத்தரை மணியளவில் வருகிறது. நடுவில் பதினான்கரை மணித்தியாலங்கள் போய்விட்டன. கணிதமும் மொழியும் பெரும்பாலும் அந்தக் காலைப் பாடவேளைகளிலேயே நடக்கின்றன. அந்நேரத்தில் பிள்ளை கொட்டாவி விடும், சாளரத்தைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும், அல்லது மேசையில் தலையைச் சாய்க்கும். ஆசிரியர் அதைக் குழப்படி என்கிறார், சோம்பல் என்கிறார். பசி என்று சொல்பவர் குறைவு.

இது அன்றாடப் பசி. இதைவிட மறைவான பசியொன்றும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்தால் குருதிச்சோகை ஏற்படுகிறது. பிள்ளை விரைவில் களைக்கும், கவனம் சிதறும், படித்தது நினைவில் நில்லாது. வளரிளம் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்களோ பல வீடுகளில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைச் சாப்பிடுகிறார்கள். அயடின் குறைந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இதனாலேயே 1995இலிருந்து எமது நாட்டில் உப்புக்கு அயடின் சேர்க்கப்படுகிறது. குடற்புழு இருந்தால் உண்ட உணவின் பயனும் பிள்ளைக்கு முழுமையாகக் கிடைக்காது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, தாயின் வயிற்றில் தொடங்கிப் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை உள்ள காலத்தில் நேர்கிறது. அக்காலத்தில் போதிய உணவில்லாத பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வளர்வதில்லை. நாடளாவிய குடிசன, சுகாதார அளவீடு 2016இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததைக் காட்டியது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டத்தில் அது 32 வீதம். உயரம் குறைந்ததை நாம் கண்ணால் காண்கிறோம். அதே காரணத்தால் கற்கும் ஆற்றலும் குறைந்திருக்கலாம் என்பது வகுப்பறையிலேயே தெரியவருகிறது.

பிற நாடுகள் கண்ட பாடம்

இங்கிலாந்தில் 1906இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளூராட்சிச் சபைகளுக்கு அதிகாரமளிக்கும் சட்டம் வந்தது. அடுத்த வருடம் ஆலைத் தொழிலாளர் நிறைந்த பிராட்போர்ட் நகரில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு உணவு கொடுத்து நிறை பார்த்தார்கள். உணவு கிடைத்த வாரங்களில் நிறை ஏறியது. விடுமுறையில் இறங்கியது. பாடசாலை தொடங்கியதும் மறுபடி ஏறியது. விடுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சியானதல்ல என்பதை அந்தத் தராசு காட்டிவிட்டது.

விவசாயிகளான எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மத்திய அமெரிக்காவின் குவாதமாலா நாட்டில் உண்டு. அங்கு 1969 முதல் 1977 வரை நான்கு ஏழைக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் பிள்ளைகளுக்குப் புரதம் சேர்ந்த கஞ்சி கொடுக்கப்பட்டது. மற்ற இரண்டிலும் புரதமில்லாத இனிப்புப் பானம் கொடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து குடும்பஸ்தரான பிறகும் ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போனார்கள். சிறு வயதில் கஞ்சி குடித்தவர்கள் வாசித்து விளங்குவதில் முன்னின்றார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை கஞ்சி குடித்த ஆண்களின் கூலி மற்றவர்களதை விட 46 வீதம் அதிகமாக இருந்தது. எமது வீடுகளில் கஞ்சிக்குப் பதிலாக இனிப்புத் தேநீர் வந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உணவு ஒன்றே போதும் என்றும் நாம் சொல்லவில்லை. ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பால் உணவு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரின் வீட்டுக்கு வாரந்தோறும் ஒரு சுகாதாரப் பணியாளர் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குப் பழக்கினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டு வருட முடிவில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டும் பெற்ற குழந்தைகளே. உணவு மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. பேச்சும் விளையாட்டும் பெற்றவர்கள் இருபது வருடங்களின் பின் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். ஆகவே சோறு ஊட்டும்போது கதையும் சொல்ல வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாடு இந்த வழியில் நூறு வருடம் நடந்திருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி ஒரு பாடசாலையில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராஜர் அரசு அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. 2022 செப்டெம்பரில் அரசு ஆரம்பப் பாடசாலைகளில் காலை உணவும் தொடங்கப்பட்டு, 2023இல் அந்த மாநிலத்தின் அரசு ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறின, சமைக்கும் பானை கவிழவில்லை. எமக்குப் படிப்பினை அதுதான்.

எமது நாட்டில் வந்ததும் போனதும்

எமது நாடும் இதில் பின்தங்கியதல்ல. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அக்காலப் பாடசாலைகளில் இலவச உணவும் இருந்தது. ஆனால் 1953இல் அரசாங்கம் செலவைக் குறைக்க முற்பட்டபோது, பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதோடு பாடசாலைப் பிள்ளைகளின் உணவையும் நிறுத்தியது. அந்த வருடம் ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். பிள்ளைகளின் உணவில் கை வைப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அன்று மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

1973இல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா மா வழங்கத் தொடங்கினார்கள். 1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. பொருளின் அளவு நிலையாக இருந்த முறை போய், காசின் அளவு நிலையாக இருந்த முறை வந்தது. விலை ஏற ஏற முத்திரைக்குக் கிடைத்த உணவு குறைந்தது.

2022இல் நடந்ததை எல்லோரும் அறிவோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த வருடம் செப்டெம்பரில் உணவின் விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. திரிபோஷாவும் தட்டுப்பட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டில், வறுமையில் வாழ்ந்தோர் 2021இல் 13.1 வீதம். 2022இல் 25 வீதம். ஒரே வருடத்தில் ஏழைகளின் தொகை இரட்டிப்பானது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்த செய்திகள் அக்காலத்தில் பத்திரிகைகளில் வந்தன. அன்று முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை அந்தப் பசியை மறந்துவிட்டு மதிப்பிடுவது நியாயமாகாது.

2024இல் அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெரும்பாலான பாடசாலைகளில் ஆறாம் ஆண்டுக்கு ஏறியதும் பிள்ளைக்கு உணவு நின்றுவிடுகிறது. பசி மட்டும் ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடுகிறதா? வளர்ச்சி வேகமெடுக்கும் வயதும், பெண்பிள்ளைகளுக்குக் குருதிச்சோகை வரும் வயதும், வறுமையால் பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகும் வயதும் அதன்பிறகுதான் வருகின்றன.

ரியூசனா, சாப்பாடா?

வீட்டில் படித்துக் கொடுக்க ஆளில்லை, அறையில் இடமில்லை, ஆதலால் ரியூசனுக்கு அனுப்புகிறோம் என்று பெற்றோர் சொல்வதில் உண்மை உண்டு. காணியும் வீடும் இழந்த எமக்குக் கல்வி ஒன்றே எஞ்சிய முதுசொம் என்ற எண்ணமும் எமக்குள் ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நான்கு பாட ரியூசனுக்குக் கட்டணம் கட்டுவதற்காக முட்டையையும் பருப்பையும் நிறுத்தும் வீடுகள் உண்டு. பாடசாலை விட்டதும் ஒரு பணிஸைக் கடித்துக்கொண்டு பிள்ளை அடுத்த வகுப்புக்கு ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு வந்து புத்தகத்தின் மேல் உறங்குகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு பாட ரியூசனை நிறுத்தி, அந்தக் காசில் மாதம் எத்தனை முட்டை, எத்தனை கிலோ பயறு வாங்கலாம் என்று ஒருதரம் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

"நாங்கள் பசியோடு படித்து முன்னுக்கு வரவில்லையா?" என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. வந்தவர்கள் உண்மையாகவே வந்தார்கள். அவர்களோடு அதே வாங்கில் இருந்து, பசியால் இடையில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வென்ற சிலரைக் காட்டி, தோற்ற பலரின் குற்றம் என்று சொல்வது நீதியாகாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. ஒரு சிறங்கை சிவப்பரிசி, அரைச் சிறங்கை பயறு, ஒரு பிடி வல்லாரை அல்லது முருங்கையிலைச் சாறு, சிறிது தேங்காய்ப்பால், உப்பு, இறக்கியபின் கொஞ்சம் தேசிப்புளி. இந்த இலைக்கஞ்சி எமது பாட்டிமார் அறிந்ததுதான். அடுப்பு வசதி குறைந்த அறையில் இரவே அவித்து வைத்த முட்டையோ, ஊறவைத்து அவித்த கடலையோ ஒரு வாழைப்பழத்தோடு போதும்.

இரண்டாவது, தேநீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். தேயிலையிலுள்ள துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தேசிப்புளி, கொய்யா, நெல்லி போன்றவை அதை உறிஞ்ச உதவுகின்றன. உப்பை மூடிய போத்தலில் வைத்து, கறியை இறக்கும் நேரத்தில் சேர்த்தால் அயடின் வீணாகாது.

மூன்றாவது, திரிபோஷா யாருக்குத் தரப்பட்டதோ அந்தக் குழந்தைக்கும் தாய்க்குமே போக வேண்டும். வீட்டில் எல்லோரும் பங்கிட்டால் ஒருவருக்கும் பயனில்லை. குழந்தையின் நிறையை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அன்று பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள்.

நான்காவது, மண் இல்லாவிட்டாலும் எமது கைப்பழக்கம் போய்விடவில்லை. பழைய உரப்பையிலும் உடைந்த வாளியிலும் பசளியும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளரும். மொட்டைமாடியின் ஒரு மூலை கிடைத்தால் நான்கு குடும்பம் சேர்ந்து பயிரிடலாம். மொத்தமாகப் பருப்பும் பயறும் வாங்கிப் பங்கிட்டால் சில்லறை விலையின் சுமையும் குறையும்.

நாம் கேட்க வேண்டியவை

இவையெல்லாம் எமது கையில் உள்ளவை. எமது கைக்கு எட்டாதவற்றுக்கு நாம் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். பாடசாலை உணவு ஆரம்பப் பிரிவோடு நிற்காமல் மேல் வகுப்புகளுக்கும் வர வேண்டும். விலை ஏறும்போது அதற்கான ஒதுக்கீடும் ஏற வேண்டும். விடுமுறைக் காலத்துக்கு உலருணவாவது கொடுக்க வேண்டும். வாடகை அறையில் இருக்கிறோம், நிரந்தர விலாசமில்லை என்ற காரணத்துக்காக எந்தக் குடும்பமும் அரச உதவிப் பட்டியலிலிருந்து விடுபடக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கட்டடத்தையும் வாத்தியக் குழுவையும் பற்றிப் பேசுமளவுக்கு உணவின் தரத்தையும் பற்றிப் பேச வேண்டும். உணவு சமைத்து வழங்கும் வேலைக்கு எமது பெண்களும் விண்ணப்பிக்க வேண்டும்.

காணி விடுவிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் உறுதிகளையும் எல்லைக் கற்களையும் பற்றியே பேசுகிறோம். அந்தக் காணியில்தான் எமது பிள்ளைகளின் கஞ்சியும் முட்டையும் கீரையும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலத்தை இழந்த குடும்பத்தின் பிள்ளை தன் வகுப்பிலும் இடத்தை இழப்பதற்கு நாம் இடங்கொடுக்கலாகாது. நாளைக் காலை, புத்தகப் பையைப் பார்க்குமுன் கோப்பையைப் பாருங்கள்.